ஷட்டருக்கு அந்தப் பக்கம்

மார்ச் 2

அன்புள்ள பி.ஏ. அவர்களுக்கு,

பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்ட உன் வீட்டுக்காரன், உதவி ஸ்டேஷன் மாஸ்டர், எழுதுவது. நான் இருக்கிறேன், என் இருமலும் இருக்கிறது. போர் வந்ததிலிருந்து நல்ல கரி எல்லாம் ராணுவ வண்டிகளுக்குப் போய்விடுகிறது. நமக்கு வருவது எரிவதைவிடப் புகைவதே அதிகம். அந்தப் புகை நேராக என் தொண்டைக்குள் போய்ச் சேருகிறது.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டியல் ஒட்டிவிட்டார்கள். போர்முனைப் பக்கம் ரயில் நடத்தப் போகும் படைக்கு எங்கள் வட்டாரத்திலிருந்து முப்பத்தெட்டுப் பேர். பதினொன்றாவது பெயர் என்னுடையது. இருபத்துநாலாம் தேதிக்குள் புறப்பட்டாக வேண்டும். எப்போது திரும்புவோம் என்று கேட்டோம். அது பட்டியலில் இல்லை என்றார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் பெரியவரிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன்.

"என் மூக்கைச் சிந்தறதுக்கே எனக்கு லீவு இல்லை தம்பி."

"குழந்தை பிறந்து எட்டு மாசம் ஆச்சு சார். இன்னும் முகத்தைப் பார்க்கலை."

"லூப் லைன்ல ஒரு பயணிகள் வண்டி காலையிலேருந்து காத்துக்கிட்டு நிக்குது. அது அழுதுச்சா? போப்பா."

இன்னொரு உத்தரவும் வந்திருக்கிறது. ஸ்டேஷன் பெயர்ப் பலகை எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயிண்ட். போர்ட்டர் ஊர் பெயரைக் கூவக் கூடாது, யார் கேட்டாலும் நாங்கள் சொல்லக் கூடாது. எதிரி பாராசூட்டில் குதித்தால் எந்த ஊர் என்று தெரியாமல் திண்டாட வேண்டுமாம். எதிரி இன்னும் குதிக்கவில்லை. சந்தைக்குப் போகிறவர்கள்தான் திண்டாடுகிறார்கள். பக்கத்து ஸ்டேஷனில் ஒரு கோட் அடித்துவிட்டு விட்டுவிட்டார்கள், வெயிலில் எழுத்து பல்லிளிக்கிறது. நான் பக்கத்திலேயே நின்று இரண்டு கோட் அடிக்க வைத்தேன். இனி நம் ஸ்டேஷன் எது என்று அதைக் கட்டிய என்ஜினியருக்கே தெரியாது.

குழந்தை யார் ஜாடை என்று எழுது. நினைத்துப் பார்க்க ஒரு முகம் வேண்டும்.

உன்
வீட்டுக்காரன்


மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் மகள் இப்போதுதான் தூங்கினாள். இந்தக் கடிதம் அவள் தூக்கம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம்தான் இருக்கும். விளக்குக்குக் கறுப்புத் தாள் சுற்றியிருப்பதால் நான் எழுதுவது எனக்கே தெரியவில்லை. வரி கோணினால் அரசாங்கத்தைத் திட்டுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் இருபத்துநாலு இருபத்துநாலாகவே இருந்தது.

ஜாடை கேட்டீர்கள். மூக்கு உங்களுடையது, அவளை மன்னித்துவிட்டேன். கண் என்னுடையது. குரல் யாருடையது என்று தெரியவில்லை, எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு குரல் கிடையாது. எடை ஏழே முக்கால் கிலோ. புத்தகப்படி எட்டு இருக்க வேண்டும். அந்தக் கால் கிலோ எங்கே போயிற்று என்று நான்கு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா அந்தக் குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை ஒளித்து வைத்தாள், கண்டுபிடித்துவிட்டேன். கைக்குழந்தைக்கு ஒரு நாளில் இரண்டு புதிய முகங்களுக்கு மேல் காட்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கிறது. காட்டினால் மிரண்டுவிடுமாம்.

ஒரு புதிய முகத்தை நான் காட்டியே ஆக வேண்டும். நீங்கள் வர முடியாவிட்டால் நாங்கள் வருகிறோம். அம்மாவிடம் சொன்னேன்.

"ரயில் மேல குண்டு போடறாங்களாம்டி."

"வீட்டு மேலயும்தாம்மா போடறாங்க."

"வீட்டு மேல போட்டா பொணத்தையாவது அடையாளம் தெரியும். அந்த வண்டில ஏறினா எந்த ஊர்ல இருக்கோம்னே தெரியாதாமே."

வாயைத் திறந்தால் அம்மா இப்படித்தான் தைரியம் சொல்வாள். ஆனாலும் வருவேன். காய்ச்சிய தண்ணீர் எத்தனை புட்டி எடுத்து வரட்டும் என்று மட்டும் யோசித்துக்கொண்டி

எழுந்துவிட்டாள்.


மார்ச் 7

அன்புள்ள பி.ஏ.,

உன் கடிதம் தணிக்கையாகி வந்தது. 'எடை' என்ற சொல்லுக்குப் பிறகு கறுப்பு மை, 'புத்தகப்படி' என்பதற்குப் பிறகும் கறுப்பு மை. எண் எதைக் கண்டாலும் விடமாட்டார்கள் போலிருக்கிறது. என் மகளின் எடை இப்போது ராணுவ ரகசியம். எதிரிக்குத் தெரியக் கூடாததுதான், ஆனால் அப்பனுக்குமா?

வராதே. பிடிவாதம் பிடிக்காதே. ராணுவ ஸ்பெஷல் ஒன்று வருகிறது என்றால் பயணிகள் வண்டியை எந்த வயற்காட்டிலும் நிறுத்திவிடுவோம், நாலு மணி நேரம்கூட. அதுவும் தவிர, பக்கத்து லைனில் ஸ்பெஷல் நின்றால் பயணிகள் ஷட்டரை இறக்கிவிட வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த இருட்டுப் பெட்டிக்குள் நீ என்ன பாடுபடுவாய்.

வந்துதான் தீர்வேன் என்றால், முன்கூட்டியே தேதி எழுது. பிளாட்பாரத்தில் நிற்கிறேன். உங்கள் ஊரிலிருந்து ஏழாவது ஸ்டேஷன். எண்ணிக்கொண்டே வா.

(ஏழு என்பதை மை பூசியிருந்தால், ஒரு வாரத்துக்கு எத்தனை நாளோ அத்தனை.)

உன்
வீட்டுக்காரன்


மார்ச் 8

அன்புள்ள உங்களுக்கு,

அவசரமாக. பதினொன்றாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். மூன்று நாள் இருக்கிறது, இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். பிளாட்பாரத்தில் நில்லுங்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு நில்லுங்கள், முதல் தடவை பார்க்கிறாள்.


மார்ச் 12

அன்புள்ள பி.ஏ.,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ வரும் யோசனையைக் கைவிட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நிம்மதி, நிறைய ஏமாற்றம்.

உன்னைச் சிரிக்க வைக்க ஒன்று சொல்கிறேன். நேற்றுக் காலை பதினொரு மணிக்கு வர வேண்டிய பயணிகள் வண்டி மாலை நாலு மணிக்கு வந்தது. பக்கத்து லைனில் ஸ்பெஷல் நின்றதால் ஷட்டர் எல்லாம் இறக்கியிருந்தது. நான் பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்:

"ஏங்க, இது எந்த ஸ்டேஷன்?"

"சொல்லக் கூடாதும்மா."

"நான் இறங்கணும்ங்க."

"இறங்கிக்கோங்க."

"எந்த ஊருன்னு தெரியாம எப்படிங்க இறங்கறது?"

நம் ஊர்ப் பெயரைச் சொல்லி, இதுதானே அது என்று கேட்டாள். உத்தரவில் அதற்கும் பதில் இருக்கிறது.

"ஆமாம்னும் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன்."

"தலையையாவது ஆட்டுங்களேன்."

"ஆட்டினா உங்களுக்குத் தெரியாதும்மா. ஷட்டர் இறக்கியிருக்கு."

அதற்கு மேல் அவள் ஏதோ கத்தினாள். காதில் விழவில்லை. இடுப்பில் ஒரு குழந்தை வைத்திருந்தாள் போலிருக்கிறது, அது போட்ட சத்தம் இருக்கிறதே, அப்பப்பா, என்ஜின் விசில் வெட்கப்பட்டு நின்றுவிட்டது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். யார் பெற்ற பிள்ளையோ. அதற்குள் ஷட்டர் இடுக்கு வழியாகக் குடை ஒன்று வெளியே வந்து என் நெற்றியில் ஒரு குத்து. ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. வண்டி புறப்பட்டுவிட்டது. இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறானே ஒருவன், அவனுக்குப் பதக்கம் கொடுக்க வேண்டும்.

பெரியவர் கேபினிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "உத்தரவுன்னா இப்படி இருக்கணும்" என்று முதுகில் தட்டினார். உனக்குப் பெருமையாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

உன்
வீட்டுக்காரன்


மார்ச் 13

அன்புள்ள உங்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. வந்தேன். வந்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டேன். உங்களைத்தான் பார்க்கவில்லை. பிளாட்பாரத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்களோ.

உங்கள் ஏழாவது ஸ்டேஷன் கடிதம் நான் கிளம்பிய அன்று காலைதான் கையில் கிடைத்தது. வண்டி நின்ற இடத்தையெல்லாம் எண்ணினேன். வயலில் நின்றது, பாலத்தில் நின்றது, மாடு படுத்திருந்ததால் ஒரு தடவை நின்றது. இருபத்துமூன்று வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டேன். எதிரில் ஒரு கண்ணாடிக்காரர், எல்லாம் தெரிந்தவர். "கவலைப்படாதீங்கம்மா, நான் வாராவாரம் வர்றவன், சக்கரச் சத்தத்தை வெச்சே ஊர் சொல்லிடுவேன்" என்றார். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஓர் இடத்தில் எனக்குள் ஏதோ சொன்னது, இதுதான் என்று. ஷட்டர் இறக்கியிருந்தது. வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது, கூப்பிட்டேன். அந்த மனுஷன் இருக்கிறானே, அவனுக்குத் தாயும் இல்லை, தாரமும் இல்லை, கல்லைப் பிளந்துகொண்டு பிறந்திருப்பான். குரலும் அப்படித்தான், அண்டங்காக்கைக்குத் தொண்டை கட்டினது மாதிரி. ஊரைக் கேட்டால் சொல்லமாட்டானாம். என் வீட்டுக்காரர் இங்கே உதவி ஸ்டேஷன் மாஸ்டர் என்று தொண்டை கிழியக் கத்தினேன். காதிலேயே வாங்கவில்லை. ஆத்திரத்தில் குடையால் ஒரு குத்து விட்டேன். பட்டதா தெரியவில்லை. பட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

"இது இல்லம்மா, இன்னும் ரெண்டு போகணும்" என்றார் கண்ணாடிக்காரர். கடைசி ஸ்டேஷன் வரைக்கும் அந்த இரண்டு வரவே இல்லை. அங்கே காத்திருப்பு அறையில், தானும் இறங்க வேண்டிய ஊரைத் தவறவிட்டுவிட்டு, எனக்கு எதிர் பெஞ்சில் அவரும் உட்கார்ந்திருந்தார். குழந்தை இரண்டு தும்மல் போட்டாள். மறுநாள் திரும்பி வந்த வண்டி வழியில் எங்குமே நிற்கவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பதினொன்றாம் தேதி மாலை டியூட்டியில் இருந்த அந்த ஆள் எந்த ஸ்டேஷன் என்று விசாரித்து, அவன்மீது மேலிடத்துக்கு எழுதிப் போடுங்கள். நீங்கள் எழுதினால் தப்பில்லாமல் எழுதுவீர்கள். அவனை விடக் கூடாது.

இன்னும் பதினொரு நாள்.


மார்ச் 16

அன்புள்ள பி.ஏ.,

இன்று ஒரே கட்டாக உன் கடிதங்கள் இரண்டு வந்தன. எட்டாம் தேதிக் கடிதமும், பதின்மூன்றாம் தேதிக் கடிதமும். எட்டாம் தேதிக் கடிதத்தில் 'பதினொன்றாம்' என்பதற்கு மை பூச எட்டு நாள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ சொன்னபடி அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். நெற்றியில் இன்னும் வீக்கம் இருக்கிறது.

நீ கேட்டதால் புகாரும் எழுதினேன். நடந்ததை நடந்தபடி, தேதி, நேரம், வண்டி எண் எல்லாம் போட்டு, என்மீது நானே. பெரியவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இதுல தப்பு எங்கப்பா இருக்கு? உத்தரவுப்படிதானே செஞ்சிருக்கே."

"அது என் சம்சாரம் சார்."

"அதை ஷட்டர் மேல எழுதி ஒட்டியிருந்தாங்களா?"

கிழித்துப் போட்டுவிட்டார். பிறகு அவரே தேநீர் வாங்கிக் கொடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் யாருக்கும் வாங்கிக் கொடுத்ததில்லை, அந்த அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது.

இதற்குள் என் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் உன்னை வந்து அடைந்திருக்கும். அதை நினைத்தால் தண்டவாளத்தில் படுக்கலாம் போலிருக்கிறது, ஆனால் வண்டி எல்லாம் தாமதம். நீ என்னை என்ன சொன்னாலும் தகும். எனக்கு ஒன்றுதான் தாங்கவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக என் மகள் குரலைக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறேன்.

உன்


மார்ச் 16

மதிப்பிற்குரிய உதவி ஸ்டேஷன் மாஸ்டர் அவர்களுக்கு,

தங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. சிரிக்க வைப்பதற்காக எழுதியதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள்.

என் அம்மா சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள், எனக்குக் கேட்டது.

நாலு வருடம் ஒரு கூரையின்கீழ் இருந்த பெண்டாட்டியின் குரல் ஒரு பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் தெரியாது. பதக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம், நேரில் பார்ப்பது என்று ஒன்று இருந்தால்.

இப்படிக்கு,
"யார் பெற்ற பிள்ளையோ"வைப் பெற்றவள்


மார்ச் 18

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் மீதே நீங்கள் புகார் எழுதிய கடிதம் வந்தது. மூன்று நாள் பேசாமல் இருப்பது என்று முடிவு செய்திருந்தேன், ஆனால் நாம் பேசிக்கொள்ளவே இல்லையே, யாரிடம் பேசாமல் இருப்பது.

கடைசி வரியைப் படித்தபோது அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மடியில் வைத்துக்கொண்டேன். தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்று புத்தகம் சொல்கிறது. போகட்டும்.

நானும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் குரல் எனக்கும்தான் தெரியவில்லை. இருமல் என்று எழுதினீர்கள், குரலே மாறிப்போன இருமல் என்று எழுதவில்லை. கஷாயம் ஏதாவது குடிக்கிறீர்களா? வாயால் மூச்சு விடாதீர்கள். நெற்றிக்கு மஞ்சள் வைத்தீர்களா? கொஞ்சம் மெதுவாகக் குத்தியிருக்கலாம்.

திரும்பவும் கிளம்பி வரலாம் என்றால் இந்த வாரம் முழுவதும் பயணிகள் வண்டியே இல்லையாம். அதனால் நேராகக் கேட்கிறேன். உங்களை ஏற்றிக்கொண்டு போகும் அந்த ஸ்பெஷல் எங்கள் ஊர் வழியாக வருமா? எந்த நாள்? தண்ணீர் எடுக்க நின்றால்கூடப் போதும். ஜன்னலோரம் உட்காருங்கள், தூக்கிக் காட்டுகிறேன்.

ஒரு தேதி. ஒரு நேரம். வேறு எதுவும் எழுத வேண்டாம்.


மார்ச் 20

அன்புள்ள பி.ஏ.,

நீ கேட்டது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதைக்கூட எழுதக் கூடாது.

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். ஒரு தடவை தேதியை எழுதியேவிட்டேன். பிறகு அந்த வண்டியில் வரப் போகிற மற்றவர்களை நினைத்தேன். ஒவ்வொருவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தேதி எழுதினால் அந்தத் தேதி எத்தனை வாயில் போய் விழும். போன மாதம் ஒரு பாலத்தின்மேல் ஒரு ஸ்பெஷல் வந்துகொண்டிருந்த சரியான நேரத்துக்குக் குண்டு விழுந்தது. யாரோ யாருக்கோ அன்பாகத்தான் எழுதியிருப்பான்.

ஷட்டர் விஷயத்தில் உத்தரவைப் பிடித்துக்கொண்டது முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். இது அப்படி இல்லை. இதற்கும் நீ கோபித்துக்கொண்டால் நான் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

சொல்ல முடியவில்லை. அவளிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்
வீட்டுக்காரன்


மார்ச் 26

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் போன திசைக்கு இதை எழுதுகிறேன். முகவரியில் ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் என்ன, இருபத்துநாலுக்கு மேல் போகாது என்று எனக்குத் தெரியும், எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் எடுக்காமல் எந்த என்ஜினும் மேற்கே போகாது என்றும் தெரியும். பிறகென்ன, இருபத்தொன்றாம் தேதி காலையிலேயே பால்புட்டி, துணி, குடை எல்லாவற்றோடும் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். நாலு நாள். பகலெல்லாம் அங்கே. மூன்றாம் நாள் போர்ட்டர் என்னிடம் வந்து, "வேலைக்குச் சேர்ந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டான்.

நான்காம் நாள் நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். நீங்கள் ஓடிக்கொண்டிருந்தீர்கள். மீதியை நான் பார்த்தேன்.

கயிறு கட்டிச் சிப்பாய்களை நிறுத்தியிருந்தார்கள். என்னால் மூன்றாவது பெட்டிக்கு மேல் போக முடியவில்லை. என்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் ஒருவர் ஜன்னலில் இருந்தார், அவரிடம் உங்களைக் கேட்டேன்.

"யாரு, நெத்தியில வீக்கத்தோட ஒருத்தரு வந்தாரே, அவரா? கடைசிப் பெட்டில இருக்காரு. குழந்தையை இப்படிக் குடும்மா, கைக்குக் கை கொண்டுபோய்ச் சேர்த்துடறோம். நம்ம வேலையே அதுதானே."

கொதிக்காத தண்ணீரில் கழுவிய கரண்டியை அவள் பக்கம் கொண்டுபோகாதவள் நான். எப்படிக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. கொடுத்துவிட்டேன். ஜன்னலுக்கு ஜன்னல் போனாள். வாங்கினவர்கள் யாரும் உடனே அடுத்தவரிடம் கொடுக்கவில்லை. ஒருவர் முகர்ந்து பார்த்தார். ஒருவர் அவளிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். பெட்டி முடிந்த இடத்தில் வாசலில் நின்றவர், அடுத்த பெட்டி வாசலில் நின்றவரிடம் கொடுப்பதற்குள், "போதும்யா, எனக்கும் ரெண்டு இருக்கு, நானும் பார்க்கணும்" என்று சண்டை. இருபத்தாறு பேர் வரை எண்ணினேன். அதற்கு மேல் கண் மறைத்தது. அவள் அழவில்லை. புத்தகத்தை எழுதினவர் எந்த ரயிலடியிலும் நின்றதில்லை என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் பிளாட்பாரம் வழியாக என்னிடம் ஓடி வந்து, "குழந்தை எங்கே?" என்றீர்கள்.

"உங்களைத் தேடிக்கிட்டுப் போயிருக்கு."

ஒரு வருடத்துக்குப் பிறகு நாம் முகம் பார்த்துப் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. உங்கள் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்திலிருந்த சிப்பாய் சிரித்துவிட்டான். திரும்பி ஓடினீர்கள். கார்டு விசில் ஊதிவிட்டார், ஆனால் கொடியை ஆட்டவில்லை. ஏன் என்று உங்களுக்கு அப்போது தெரியாது. கடைசிப் பெட்டியில் உங்களைக் காணோம் என்றதும் அவளைக் கார்டு கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள், அவள் அவருடைய பச்சைக் கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். கொடி ஆடாமல் வண்டி நகராது. சிப்பாய் எனக்குக் கயிற்றைத் தூக்கிவிட்டான்.

நீங்கள் அவளை வாங்கினீர்கள். கொடியோடு சேர்த்து வாங்கினீர்கள். விரல்களைப் பிரித்துவிடுங்கள் என்றார் கார்டு. நீங்கள் ஒரு விரலைப் பிரித்தீர்கள், அடுத்த விரலைப் பிரிப்பதற்குள் முதல் விரலைத் திரும்ப மூடிவிட்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பார்த்தேன். கார்டும் பார்த்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு நிமிடம்.

தணிக்கை அதிகாரி அவர்களுக்கு: ஐயா, அடுத்த பத்தியைப் படிக்காமல் தாண்டிவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டுமே என்று கார்டு பென்சிலை எடுத்தபோது, "தண்ணீர் மெதுவா ஏறிச்சு" என்று சொன்னீர்கள். என் காது பட நீங்கள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. ரொம்ப நாள் பழகினவர் மாதிரி சொன்னீர்கள். இங்கே குழாய்க்காரர் இரண்டு நாளாகக் குமுறிக்கொண்டிருக்கிறார், பதினெட்டு வருடமாகத் தன் குழாயை யாரும் ஒரு குறை சொன்னதில்லையாம். ஒரு நாள் அவரிடம் போய் உண்மையைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். போர் முடியட்டும்.

குழந்தையின் உடம்பெல்லாம் கரி. மூன்று தண்ணீர் மாற்றிக் குளிப்பாட்டினேன். தும்மல் இல்லை, ஜுரம் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கள். ஒரு வரி போதும். மை பூசி வந்தாலும் போதும், நீங்கள் எழுதியது என்று தெரிந்தால் சரி.

உங்கள்
பி.ஏ.


ஏப்ரல் 14

அன்புள்ள பி.ஏ.,

இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி மூச்சு விட்டுக்கொண்டு படி.

எங்கே என்று கேட்காதே. வெயில் அதிகம். தண்டவாளம் ஒரு வழிதான். பகலில் நாங்கள் போடுவதை இரவில் அவர்கள் உடைக்கிறார்கள், மறுநாள் திரும்பப் போடுகிறோம். மருமகளுக்கும் மாமியாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கோலம் மாதிரி என்று இங்கே ஒரு டிரைவர் சொல்கிறார். இருமல் குறைந்திருக்கிறது. குரல் திரும்பி வருகிறது, அடுத்த தடவை உனக்குத் தெரியும்.

உன் கடிதம் எங்களோடு ஊர் சுற்றிவிட்டு நேற்றுதான் வந்தது. ஒரு எழுத்துக்கும் மை பூசவில்லை. அந்த அதிகாரிக்கும் வீட்டில் ஒன்று இருக்கும்.

அந்த நாலு நிமிடத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுதத் தெரியவில்லை.

வேறொன்று சொல்ல வேண்டும். மூன்றாம் பெட்டி ஜன்னலில் உன்னிடமிருந்து முதலில் வாங்கினாரே, அந்த ஃபயர்மேன். பத்து நாளைக்கு முன் எங்கள் வண்டிமேல் குண்டு விழுந்தது. என்ஜின் தப்பித்தது, அவருடைய இடது கால் தப்பிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குப் பார்க்கப் போனேன். அவர்தான் முதலில் பேசினார்.

"பாப்பாவுக்குப் பல்லு வந்துடுச்சா?"

உன் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

"வந்துடுச்சு அண்ணே. கீழே ரெண்டு."

"கடிக்குதா?"

"அவங்க அம்மாவை மட்டும்."

சிரித்தார். சிரித்தபடியே தூங்கிப்போனார். மறுநாள் போனால் அந்தக் கூடாரம் முழுவதும் கீழே இரண்டு பல் என்பது தெரிந்திருக்கிறது. அங்கிருந்து எங்கள் முகாமுக்கு வந்துவிட்டது. எப்போது மேலே வரும் என்று பந்தயம்கூட நடக்கிறது, டிரைவர்கள் இம்மாதக் கடைசி என்கிறார்கள், தண்டவாளக்காரர்கள் மே என்கிறார்கள். ஆகவே கீழே இரண்டு வந்துவிட்டதா என்று உடனே எழுது. வரவில்லையென்றால் அவளிடம் கொஞ்சம் சொல்லிப் பார், அப்பா வார்த்தை கொடுத்துவிட்டார் என்று.

இன்னொரு விஷயம். உன் கடிதம் இப்போது எனக்கு மட்டும் வருவதல்ல. தபால் வந்தால் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள், உரக்கப் படி என்கிறார்கள், சிலருக்கு வீட்டிலிருந்து எழுத ஆளில்லை. நேற்று உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்க வேண்டியதாயிற்று, பொய் சொன்ன இடத்தை மூன்று தடவை. அதனால் குழந்தையைப் பற்றியதையெல்லாம் முதல் தாளில், எழுத்து பெரிதாக, விளக்கு மங்கலாக இருந்தாலும் கோணாமல் எழுது. என்னைத் திட்டுவதைத் தனித்தாளில் எழுதி மடித்து வை. அதை நான் மட்டும் படித்துக்கொள்கிறேன்.

உன்
வீட்டுக்காரன்